பழைய டாஸ், விண்டோஸில் ஓடும் மெஷினைக் காப்பாற்றுவது: எதை முதலில், எதை அப்புறம்

ஆடிப் பண்டிகை, ஆயுத பூஜை, பொங்கல். இந்த மூன்று விடுமுறையும் முடிந்த மறுநாள் காலையில்தான் எனக்கு அதிகம் போன் வரும். "அண்ணே, லீவு விடற வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னைக்கு ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல." நான்கு நாள் நின்றதில், வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருந்த ஹார்ட் டிஸ்க் மறுபடி சுற்ற மறுத்திருக்கும். இல்லையென்றால் பேட்டரி இறங்கி செட்டிங் எல்லாம் அழிந்திருக்கும். மெஷினின் இரும்பு அப்படியே இருக்கும்.

சேலத்தில் சூரமங்கலம் பக்கத்து லேத், வயர்கட் (கம்பியில் மின்பொறி விட்டு உலோகத்தை வெட்டும்) பட்டறைகளிலும் இளம்பிள்ளை தறி ஷெட்களிலும் இப்படிப்பட்ட மெஷின்கள் நிறைய. டாஸ், விண்டோஸ் 98, எக்ஸ்பி என்று ஏதோ ஒரு பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும். பட்டறையில் கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்த ஒரு ஆள் எப்படியும் இருப்பார்; முதலாளி மகனோ, எலக்ட்ரீஷியனோ. இது அவருக்காக எழுதியது. நன்றாகத் தெரிந்த பையன்களே இதில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன். செய்யும் வேலை சரியாகத்தான் இருக்கும், வரிசை மாறிவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், நல்ல டார்ச், கேமரா உள்ள போன், சட்டை போடாத நோட்டாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு நோட்டுப் புத்தகம்.

யூஎஸ்பி-ஐடிஇ கன்வெர்ட்டர் ஒன்று. ஐடிஇ என்பது பழைய ஹார்ட் டிஸ்க்குகளின் இணைப்பு முறை. 40 பின், 44 பின் இரண்டும் செருகும்படியும், தனி பவர் அடாப்டரோடும் வாங்குங்கள். பழைய மூன்றரை இன்ச் டிஸ்க்குக்கு யூஎஸ்பியிலிருந்து வரும் கரன்ட் போதாது.

லினக்ஸ் போட்ட பென்டிரைவ். டிஸ்க் நகலெடுக்க உதவும் குளோன்ஸில்லா அல்லது சிஸ்டம் ரெஸ்க்யூ. இதற்கு விண்டோஸ் லேப்டாப்பை நம்ப வேண்டாம். ஏன் என்று ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன்.

காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு இரண்டு, அதை ஐடிஇ-யில் செருகும் அடாப்டர், சி.ஆர். 2032 பேட்டரி நான்கைந்து. சிஎன்சி (கம்ப்யூட்டர் கன்ட்ரோலில் உலோகம் வெட்டும் மெஷின்) என்றால் அதற்கான லித்தியம் பேட்டரி. எல்லாம் மேஜைக்கு வந்த பிறகுதான் பேனலைத் திறக்க வேண்டும். பாதியில் கழற்றிப் போட்டுவிட்டு செவ்வாய்ப்பேட்டைக்கு ஆள் அனுப்பினால், அவர் வருவதற்குள் எந்த ஒயர் எங்கே இருந்தது என்பது மறந்துபோகும்.

2. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை உடனே ஆஃப் செய்யாதீர்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். வந்ததும் ஆஃப் செய்து, ரேமைக் கழற்றி அழிரப்பரால் துடைப்பார்கள். பத்து வருடமாக ஓடும் டிஸ்க்கை நிறுத்தினால் அது மறுபடி எழும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதனால், ஓடும்போதே எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிட வேண்டும்.

முதலில் படங்கள். ஸ்கிரீனில் வரும் ஒவ்வொரு செட்டிங் பக்கம், பேனல் பின்புறம், ஒவ்வொரு கேபிளும் செருகியிருக்கும் இடம், எல்லாவற்றையும் எடுங்கள். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்பது படத்தில் தெரிய வேண்டும். அதுதான் ஒன்றாம் பின்.

அடுத்தது ஜாப் ஃபைல்கள். அவற்றை ஃப்ளாப்பியிலோ சீரியல் கேபிளிலோ வெளியே எடுங்கள். ஆபரேட்டர் கைப்பட எழுதிய புரோகிராம்கள் வேறு எங்கும் இருக்காது. ஒரு பட்டறையில் மெஷினைப் பிழைக்க வைத்துவிட்டோம், ஆனால் எட்டு வருட டை புரோகிராம்கள் போய்விட்டன. முதலாளிக்கு எது பெரிய நஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

3. சிஎன்சி என்றால் பாராமீட்டர் பேக்கப்

ஃபானுக் கம்பெனியின் 0 சீரிஸ் மாதிரி கன்ட்ரோலில் டிஸ்க்கே கிடையாது. பாராமீட்டர், புரோகிராம், ஆஃப்செட் எல்லாம் பேட்டரியால் உயிரோடிருக்கும் மெமரியில் உள்ளன. பேட்டரி இறங்கினால் மெஷின் தன்னையே மறந்துவிடும். அதில் 900-ஆம் எண்ணில் தொடங்கும் பாராமீட்டர்கள், காசு கொடுத்து வாங்கிய ஆப்ஷன்களைக் குறிப்பவை. அவற்றின் நகல் இல்லையென்றால் யாரோ ஒருவரின் காலில் விழ வேண்டும்.

எடுப்பது ஆர்.எஸ். 232 என்ற சீரியல் போர்ட் வழியாக. பெரும்பாலும் 4800 அல்லது 9600 பாட், 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட். கேபிளின் இரண்டு முனையும் 25 பின் என்றால் 2-ம் 3-ம் குறுக்காகப் போக வேண்டும், லேப்டாப் பக்கம் 9 பின் என்றால் நேராக; 25 பின் கனெக்டரில் 7 கிரவுண்டு, 9 பின்னில் 5. மெஷின் பக்கத்து 25 பின்னில் 4-ஐயும் 5-ஐயும் ஒன்றாகவும், 6, 8, 20 மூன்றையும் ஒன்றாகவும் சேர்த்துப் பற்றவையுங்கள். இந்த ஜம்பரை விட்டுவிட்டால் 086 அலாரம் வரும். 085 வந்தால் பாட், பாரிட்டி பொருந்தவில்லை. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்தால் அரை நாள் மிச்சம்.

கேபிளைச் செருகும்போது இரண்டு பக்கமும் ஆஃபாக இருப்பது நல்லது. முடியாதென்றால், குறைந்தது லேப்டாப் சார்ஜரையாவது கழற்றிவிடுங்கள். எர்த் சரியில்லாத ஷெட்டில் சார்ஜர் கசிவு மட்டுமே போதும், போர்ட் சிப்பைச் சுட்டுவிடும்.

வந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். முதல் வரியிலும் கடைசி வரியிலும் சதவீதக் குறி இருக்க வேண்டும். கடைசியில் இல்லையென்றால் பாதியில் அறுந்திருக்கிறது. இரண்டு முறை எடுத்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்ட பிறகே அடுத்த வேலை.

4. பேட்டரி: சிஎன்சிக்கு ஒரு முறை, கம்ப்யூட்டருக்கு வேறு முறை

இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள்.

சிஎன்சி கன்ட்ரோலின் பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டு, பவரை ஆஃப் செய்யாமல், பழையதை எடுத்துப் புதியதைப் போடுங்கள். ஆஃப் செய்துவிட்டுக் கழற்றினால் மெமரியைத் தாங்கிப் பிடிக்க எதுவுமில்லை. ஆப்சொல்யூட் என்கோடர் (அச்சு நிற்கும் இடத்தை நினைவில் வைக்கும் சென்சார்) இருந்தால் அதற்குத் தனி பேட்டரி உண்டு, அதுவும் இப்படியே. அது போனால் ரெஃபரன்ஸ் பொசிஷனை மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும். பேனல் உள்ளே உயிருள்ள மின்சாரம் இருக்கும் என்பதால் இதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

கம்ப்யூட்டர் மதர்போர்டு பேட்டரி ஆஃபில்தான் மாற்ற வேண்டும். ஆனால் மாற்றும் முன் ரீபூட் செய்து, பயாஸின் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் செட்டிங் புரோகிராம்) ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்திருக்க வேண்டும். பழைய போர்டுகளில் ஹார்ட் டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களும், நார்மல், லார்ஜ், எல்பிஏ என்ற மோடும் அங்கேதான் இருக்கின்றன. பேட்டரியைக் கழற்றியதும் அவை போய்விடும். நல்ல டிஸ்க்கை வைத்துக்கொண்டே "டிஸ்க் போச்சு" என்று அறிவித்தவர்களை எண்ணினால் விரல் போதாது.

போர்டில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி பேட்டரி பற்றவைத்திருந்தால் அது நிக்கல் காட்மியம். ஒழுகி, செம்புத் தடங்களை அரித்துவிடும். இன்னும் ஒழுகவில்லை என்றாலும் வெட்டி எடுத்துவிடுங்கள். சில 486 போர்டுகளில் பேட்டரியே கண்ணில் படாது. டல்லாஸ் என்று எழுதிய உயரமான கறுப்புச் சிப் இருக்கும், அதன் வயிற்றுக்குள்தான் பேட்டரி. சிப்பையே மாற்ற வேண்டும்.

5. ஹார்ட் டிஸ்க்கை நகலெடுப்பது

அவசரமே கூடாத இடம் இது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் முடித்துவிடலாம் என்று ஆரம்பிக்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்.

மெயின் சுவிட்சை அணைத்து, மோட்டார் டிரைவ்களில் தேங்கிய சார்ஜ் இறங்கப் பத்து நிமிடம் விட்டு, டிஸ்க்கைக் கழற்றுங்கள். ஜம்பரை மாஸ்டரில் வையுங்கள். ஸ்லேவில் இருந்தால் பல கன்வெர்ட்டர்கள் டிஸ்க்கைப் பார்க்காது. பழைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் "டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா?", "இனிஷியலைஸ் செய்யட்டுமா?" என்று கேட்கும். பழக்க தோஷத்தில் ஓகே அழுத்தினால் கதை முடிந்தது. ஆகவே லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்த பிறகே டிஸ்க்கைச் செருகுங்கள். எது எந்த டிஸ்க் என்பதைக் கொள்ளளவை வைத்து அடையாளம் காணுங்கள். மெஷின் டிஸ்க் 2 ஜிபியோ 40 ஜிபியோ இருக்கும், உங்களுடையது 500 இருக்கும், குழப்பம் வராது.

டிஸ்க்கிலிருந்து நேராக இன்னொரு டிஸ்க்குக்கு எழுதாமல், முதலில் இமேஜ் ஃபைலாக (முழு டிஸ்க்கின் நகலும் ஒரே ஃபைலில்) எடுங்கள். டிஸ்க்குக்கு டிஸ்க் எழுதும்போது மூலமும் இலக்கும் இடம் மாறினால், காலி டிஸ்க் உங்கள் மெஷின் டிஸ்க்கின் மேல் ஏறிவிடும். ஃபைலாக எடுத்தால் அந்த விபத்துக்கு வழியே இல்லை.

டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். மேப் ஃபைல் ஒன்றையும் கட்டாயம் கொடுங்கள். எதுவரை படித்தோம், எங்கே படிக்க முடியவில்லை என்பது அதில் பதிவாகும். பாதியில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டிப் போகவிட்டு, நல்லதை எல்லாம் அள்ளிக்கொள்ளுங்கள். இரண்டாவது சுற்றில் கெட்ட இடங்களை மூன்று முறை முயலட்டும். முதலிலேயே கெட்ட இடத்தோடு மல்லுக்கட்டினால், சாகக் கிடக்கும் டிஸ்க் நல்ல பகுதியைத் தருவதற்குள் செத்துவிடும்.

"ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால் போதாதா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. பூட் செக்டர் வராது. சில சாஃப்ட்வேர் பார்ட்டிஷனின் வால்யூம் சீரியல் எண்ணை வைத்தே லைசென்ஸ் சரிபார்க்கும். செக்டர் செக்டராக எடுத்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

மிகப் பழைய, எல்பிஏ (செக்டர்களை வரிசை எண்ணால் அழைக்கும் முறை) தெரியாத டிஸ்க்குகளை யூஎஸ்பி கன்வெர்ட்டர்கள் பார்ப்பதே இல்லை. அதற்காகவே நிஜமான ஐடிஇ போர்ட் உள்ள பெண்டியம் கம்ப்யூட்டர் ஒன்றைக் காயலான் கடையிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறேன். என் வீட்டில் அதற்கு மரியாதை இல்லை.

6. நகலைப் போட்டு ஓட்டுங்கள், அசலை எடுத்து வையுங்கள்

இமேஜை காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டில் எழுதி, மெஷினில் செருகி ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை. காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு ஐடிஇ பாஷையையே பேசுவதால் நடுவில் மொழிபெயர்க்கும் சிப் தேவையில்லை. சுற்றும் பாகமும் இல்லை. தறி ஷெட் அதிர்வைத் தாங்கும்.

"மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று வந்தால் பயப்படாதீர்கள். பயாஸ் புதிய கார்டுக்கு வேறு ஹெட், செக்டர் கணக்கைப் போட்டிருக்கும். படத்தில் உள்ள பழைய எண்களையும் மோடையும் கையால் போடுங்கள்.

கார்டு அளவில் பேராசை வேண்டாம். பழைய பயாஸ்களுக்கு 504 எம்பி, 8.4 ஜிபி, 32 ஜிபி, 137 ஜிபி என்று வரிசையாகச் சுவர்கள் உண்டு. டாஸின் ஃபேட்16 பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போகாது. அசல் அளவுக்குச் சற்றே மேல் இருந்தால் போதும்.

எக்ஸ்பி என்றால் இன்னொரு விஷயம். கேமரா கார்டுகளை எக்ஸ்பி கழற்றக்கூடிய டிரைவ் என்று எண்ணிக்கொண்டு, அதில் பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது பயன்படும் ஃபைல்) வைக்க மறுக்கும். ஃபிக்ஸ்டு டிஸ்க் மோடில் வரும் இண்டஸ்ட்ரியல் கார்டு வாங்குங்கள். விலை அதிகம்தான். டாஸுக்கு இந்தக் கவலை இல்லை.

7. பவர் சப்ளை, தூசி, சூடு

சேலத்து மே மாதத்தில் தகர ஷெட்டுக்குள் பேனல் கொதிக்கும். உடனே பேனல் கதவைத் திறந்துவிட்டு டேபிள் ஃபேன் வைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். லேத் பட்டறையில் கிரைண்டிங் தூசியும் ஆயில் புகையும், தறி ஷெட்டில் பஞ்சும், சேகோ ஆலையில் மாவும் உள்ளே போய் ஒட்டும். இரும்புத் தூள் மின்சாரம் கடத்தும். கதவை மூடி, ஃபில்டரைக் கழுவி, நின்றுபோன ஃபேனை மாற்றுங்கள். ப்ளோயர் அடித்தால், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள்.

எஸ்எம்பிஎஸ் என்ற கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டையும் மெஷின் வேலை செய்யும்போது அளந்து பாருங்கள். ஐந்து, 4.75-க்குக் கீழே போனால் மாற்றும் நேரம். மேல்மூடி உப்பிய கெப்பாசிட்டர் தெரிந்தாலும் அப்படியே.

மாற்றும்போது இரண்டு பொறிகள். பழைய ஏடி சப்ளையில் மதர்போர்டுக்கு இரண்டு கனெக்டர் வரும். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். அடுத்தது, சில ஐஎஸ்ஏ (பழைய வகை ஸ்லாட்) கார்டுகளுக்கு மைனஸ் 5 வோல்ட் தேவை. இப்போது வரும் ஏடிஎக்ஸ் சப்ளைகளில் அது கிடையாது. கம்ப்யூட்டர் அழகாக பூட் ஆகும், கார்டு மட்டும் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கும்.

கம்ப்யூட்டருக்கு மட்டுமாவது ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். பாதி எழுதும்போது கரன்ட் போவதுதான் விண்டோஸ் 98-ஐயும் எக்ஸ்பியையும் கெடுப்பதில் முதலிடம்.

8. ஃப்ளாப்பிக்குப் பதில்

கோடெக் என்ற ஃப்ளாப்பி எமுலேட்டர் கிடைக்கிறது. 34 பின் கேபிளிலேயே செருகிக்கொள்ளும். பென்டிரைவில் நூறு ஃப்ளாப்பி இமேஜ்களை எண் போட்டு வைக்கலாம். வாங்கும் முன் மெஷின் எதிர்பார்ப்பது 720 கேபியா, 1.44 எம்பியா என்று பாருங்கள். பழைய டிரைவின் ஜம்பர் நிலையையும் பார்த்துவிடுங்கள். தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

9. நெட்வொர்க்கும் பென்டிரைவும்

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைப்பதில்லை. "நம்ம பட்டறையை எவன் தாக்கப் போறான்?" என்பார்கள். வைரஸுக்கு ஆள் தேர்வு கிடையாது. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலையில், சரிபார்க்காமல் நெட்வொர்க்கில் சேர்த்த ஒரு புதிய மெஷினிலிருந்து வான்னாக்ரை வகை வைரஸ் பரவி உற்பத்தி நின்றது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி.

புதிய விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து எக்ஸ்பி ஷேர் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்) திறக்காது. எஸ்எம்பி 1 என்ற பழைய முறை அதில் அணைந்திருக்கும். யூடியூப் பார்த்து அதைத் திரும்ப ஆன் செய்வார்கள். வான்னாக்ரை நுழைந்த வாசலே அதுதான். அதற்குப் பதில், நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியை வையுங்கள். ராஸ்பெரி பை போதும். அதில் ஃபைல் அனுப்பி வாங்க ஒரு எஃப்டிபி சர்வர். எக்ஸ்பியிலேயே எஃப்டிபி வசதி இருக்கிறது. மெஷின் பக்க ஐபி முகவரியைக் கையால் போட்டு, கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். வெளியே போகும் வழி தெரியாததால் அது இன்டர்நெட்டைத் தொடாது. செலவே இல்லாத பூட்டு.

2017 மே மாதம் எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு பேட்ச் விட்டார்கள். நகல் எடுத்த பிறகு மட்டும், சர்வீஸ் பேக் 3 இருந்தால் அதைப் போடலாம். வேறு எந்த அப்டேட்டும், ஆன்டிவைரஸும் மெஷின் கம்ப்யூட்டரில் வேண்டாம். ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடும் நேரத்தில் கட்டிங் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பென்டிரைவ் மெஷினுக்கென்று ஒன்று. அதைக் கயிறு கட்டி மெஷினிலேயே தொங்கவிடுங்கள். ஆபரேட்டர் பாட்டு ஏற்றி வரும் பென்டிரைவை அதில் செருகக்கூடாது.

10. மாற்றுக் கம்ப்யூட்டர் தயார் செய்வது

போர்டு சாகும் முன்பே இதைச் செய்ய வேண்டும். செத்த பிறகு தேடினால் சொன்ன விலை கொடுக்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, உள்ளூர் காயலான் கடை என்று நிதானமாகத் தேடுங்கள். அதே மாடல் மதர்போர்டு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். ஐஎஸ்ஏ ஸ்லாட் எத்தனை, அவற்றில் உங்கள் கார்டின் நீளம் உட்காருமா என்று அளந்து பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

வேகமானது நல்லது என்ற எண்ணத்தை இங்கே கழற்றி வைக்க வேண்டும். டர்போ பாஸ்கலில் எழுதிய சில டாஸ் புரோகிராம்கள் வேகமான பிராசசரில் "ரன்டைம் எரர் 200" என்று சொல்லித் தொடக்கத்திலேயே விழும். விண்டோஸ் 98-க்கு 512 எம்பிக்கு மேல் ரேம் போட்டால் தகராறு செய்யும். எக்ஸ்பி நகலை சாட்டா (புதிய வகை டிஸ்க் இணைப்பு) போர்டுக்கு மாற்றினால், பயாஸில் டிஸ்க் மோடை ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ என்று மாற்றாதவரை நீலத் திரைதான். கடைசியில் 7பி என்று முடியும் எண் அதன் அடையாளம்.

பேரலல் போர்ட் டாங்கிளும் (சாஃப்ட்வேரின் லைசென்ஸ் பூட்டு) வம்பு. டாஸ் சாஃப்ட்வேர் நேராக 378 என்ற ஹெக்ஸ் முகவரியில் தேடும். யூஎஸ்பி-பேரலல் கன்வெர்ட்டர் பிரிண்டருக்கு மட்டுமே உதவும். போர்டிலேயே பேரலல் போர்ட் உள்ளதாக வாங்குங்கள்.

"எல்லாவற்றையும் விர்ச்சுவல் மெஷினில் போட்டுவிடலாமே?" என்று படித்த பையன்கள் கேட்பார்கள். டிசைன் போடும் சாஃப்ட்வேர், டிசைனை மெஷின் புரோகிராமாக மாற்றும் கேம் (CAM) சாஃப்ட்வேர் மாதிரி, தனிக் கார்டு இல்லாதவற்றுக்கு அருமையான வழி. மோட்டாரை நேரம் தவறாமல் ஓட்டும் கன்ட்ரோல் கார்டுக்கு ஆகாது. மாலிப்டினம் கம்பி ஓடும் வயர்கட்டில் ஒரு கணம் தாமதமானாலும் கம்பி அறுந்துவிடலாம்.

11. விடுமுறைக்கு முன்னும் பின்னும்

இரும்பு அலமாரியில் ஒரு பெட்டி. அதில் அசல் டிஸ்க், எழுதிய இரண்டாவது கார்டு, மாற்று எஸ்எம்பிஎஸ், கேபிள், படங்களின் பிரின்ட், தேதி போட்ட நோட்டு. போர்டுகளை ஆன்டிஸ்டாட்டிக் உறையில் வையுங்கள். ஜவுளிக்கடைப் பை வேண்டாம். இமேஜ் ஃபைலின் இன்னொரு நகல் முதலாளி வீட்டில் இருக்கட்டும். மாற்றுக் கம்ப்யூட்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைக்கும்போது பேனலுக்குள் ஈரத்துணி போகக்கூடாது. சந்தனம் குங்குமம் கதவுக்கு வெளியே, ஃபில்டர் ஓட்டையை விட்டுத் தள்ளி. சாத்தும் முன் அந்த வாரத்து ஜாப் ஃபைல்களை எடுத்துவிடுங்கள். மதர்போர்டு பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள், 2.7 வோல்ட்டுக்குக் கீழே என்றால் அன்றே மாற்றுங்கள். விடுமுறை முடிந்த அன்று ஷிஃப்ட் எட்டரைக்கு என்றால், ஏழு மணிக்கே ஒருவர் வந்து ஆன் செய்யட்டும். ஸ்கிரீன் வரவில்லை என்றால் பெட்டியைத் திறந்து கார்டை மாற்ற ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.